புதியவருக்கு முதலில் ஓர் அறையைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வு முடிகிற நேரத்தில் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை சுவர்களில் கோடைகாலக் கம்ப்யூட்டர் பயிற்சி போஸ்டர்கள் ஏறிவிடும். தங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களிலும் அவைதான். ‘கேம் டெவலப்மென்ட் கற்றுத் தருகிறோம்’ என்பது அதில் ஒரு வகை. பெரும்பாலும் முப்பரிமாண சாஃப்ட்வேர் ஒன்றைத் திறந்து, ஒரு பெட்டியைச் சுழற்றிக் காட்டி, கையில் சர்டிபிகேட்டைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து தொடரலாம் என்றால் அங்கே கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அரசுக் கல்லூரி லேபிலும் கிடையாது, நூலகத்திலும் கிடையாது.

அந்தப் பழைய கணினிகளிலேயே தாராளமாக ஓடக்கூடிய ஒரு விளையாட்டு வகை இருக்கிறது. படமே இல்லாமல், எல்லாம் எழுத்தாகவே திரையில் வரும் டெக்ஸ்ட் கேம். ஒரே நேரத்தில் பலர் இணையம் வழியாக உள்ளே வந்து, நடந்து, பேசி, பொருள்களை எடுத்து ஆடுகிற வகைக்கு ‘மட்’ என்று பெயர். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதியதிலிருந்து வந்த பெயர் அது. 1990களின் தொடக்கத்தில் கோபன்ஹேகன் மாணவர்கள் ‘டிக்குமட்’டைக் கொண்டுவந்த பிறகு, உலகெங்கும் கல்லூரிக் கணினிகளில் இந்த ஆட்டங்கள் முளைத்தன. பல இன்னமும் தன்னார்வலர்கள் கையில் ஓடுகின்றன. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மிக்கும் இதற்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை என்பதைப் பெற்றோர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம்.

இந்த ஆட்டங்களை நடத்துகிறவர்கள் எல்லோரும் ஒரே குறையைச் சொல்வார்கள்: புதிய கை வருவதில்லை. எங்கள் கணிப்பு வேறு. ஆள் வருகிறது, இரண்டாவது வாரத்தில் காணாமல் போகிறது. ஆர்வத்தோடு வருகிறவரிடம் “சொந்தமா ஒரு கேம் ஆரம்பிச்சுப் பாருங்க” என்று சொல்லி அனுப்புவதுதான் காரணம். அவர் சர்வர், டேட்டாபேஸ், சண்டை விதிகள், வரைபடம் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தூக்கப் பார்க்கிறார். ஆட்டத்தில் ஒவ்வோர் இடமும் ஓர் ‘அறை’; அப்படி நூறு அறைகளுக்குத் திட்டம் போட்டு, நான்காவது அறையோடு நின்றுவிடுகிறார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் ஒரே ஓர் அறையை அவர் பொறுப்பில் விட்டு, மற்றவர்கள் அதற்குள் நடந்து போவதை அதே வாரம் அவரைப் பார்க்க வைக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இதை எப்படிச் செய்வது, எங்கெங்கே இடறும் என்பதைக் கல்லூரிக் கணினி மன்றங்களும் நூலகர்களும் பயன்படுத்தும்படி எழுதுகிறோம். ஆங்கிலத்தில் தட்ட வேண்டிய கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.

சர்வரை நிறுவுவது பழைய கையின் வேலை. புதியவரை முதல் நாளே அதில் மாட்டிவிடக் கூடாது. தொடங்குவதற்கு ‘எவென்னியா’ என்ற சர்வர் மென்பொருள் நல்லது. பைத்தான் நிரல் மொழியில் எழுதப்பட்டது, இலவசம், மூல நிரல் திறந்தது. ஒரு ஜிபி நினைவகம் உள்ள கணினியே ஒரு வகுப்புக்குப் போதும். முதலில் பைத்தான், விண்டோஸில் நிறுவும்போது ‘பாத்’தில் சேர்க்கும் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால் அடுத்த படியே நடக்காது. நேற்று வெளிவந்த பைத்தானைப் போடாதீர்கள். எவென்னியாவின் நிறுவல் பக்கம் எந்தப் பதிப்பைச் சொல்கிறதோ அதையே போடுங்கள். பிறகு தனியாக ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் (இந்த ஆட்டத்துக்கான பைத்தான் தொகுப்புகளுக்கு மட்டுமான இடம்) உருவாக்கி, அதை இயக்கிவிட்டு, ‘பிப் இன்ஸ்டால் எவென்னியா’. அடுத்து ‘எவென்னியா --இனிட்’ என்று அடித்து ஆட்டத்தின் பெயரைக் கொடுத்தால் ஒரு கோப்புறை உருவாகும். அதற்குள் போய் டேட்டாபேஸை அமைக்க ‘எவென்னியா மைக்ரேட்’, பிறகு ‘எவென்னியா ஸ்டார்ட்’. முதல் தடவை நிர்வாகிக் கணக்குக்குப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அவ்வளவுதான். பிரவுசரில் 4001 என்ற போர்ட்டை (கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) திறந்தால் ஆட்டம் வந்துவிடும். டெல்நெட் என்ற பழைய எழுத்து இணைப்பு வழியாக வருபவர்களுக்கு 4000.

இதில் இடறுகிற இடங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். மறுநாள் கணினியைத் திறந்து ‘எவென்னியா ஸ்டார்ட்’ என்றால் ‘அப்படி ஒரு கட்டளையே இல்லை’ என்று பதில் வரும். ஏதோ அழிந்துவிட்டது என்று பதறி, எல்லாவற்றையும் மறுபடி நிறுவுவார்கள். ஒன்றும் அழியவில்லை, புதிய டெர்மினலில் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை இயக்க மறந்திருப்பார்கள். ‘டேபிள் இல்லை’ என்று பிழை வந்தால் மைக்ரேட் விட்டுப்போயிருக்கிறது. கட்டளையை ஆட்டத்தின் கோப்புறைக்கு வெளியே நின்று அடித்தாலும் பிழைதான். லேபில் பக்கத்துக் கணினியிலிருந்து பக்கம் திறக்கிறது, ஆனால் ஆட்டம் இணையவில்லை என்றால் 4002 போர்ட்டைப் பாருங்கள். பிரவுசர் வழி ஆட்டம் 4001இல் பக்கத்தைக் காட்டிவிட்டு, உரையாடலை 4002 வழியாகத்தான் நடத்துகிறது. விண்டோஸ் ஃபயர்வாலில் முதலாவதை அனுமதித்துவிட்டு இரண்டாவதை மறந்திருப்பார்கள்.

இன்டர்நெட்டே வேண்டாம் என்பது லேபுக்குப் பெரிய வசதி. நிறுவும் நாளில் மட்டும் இணைப்பு இருந்தால் போதும். பிறகு லேபின் உள் நெட்வொர்க்கிலேயே, சர்வராக இருக்கும் கணினியின் ஐபி எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு ஆடலாம்.

இனி அந்த அறை. வேலூரில் இதற்கு வரைபடம் தேடி அலைய வேண்டியதே இல்லை, கோட்டை இருக்கிறது. அகழி, கருங்கல் மதில், ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம், அருங்காட்சியகம், திப்பு மகால் என்று எல்லாம் ஒரே மதிலுக்குள். பத்துப் பன்னிரண்டு அறைகளாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாகப் போய் எந்த வாசலிலிருந்து எந்தத் திசையில் எது தெரிகிறது என்று குறித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நினைவிலிருந்து எழுதினால் திசை கட்டாயம் தப்பும். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியை ஆட்டத்துக்குள் கொண்டுவர விரும்புகிறவர்கள், எது வரலாறு எது கற்பனை என்பதை உதவிப் பக்கத்தில் தனியாக எழுதி வைக்க வேண்டும். இதைக் கறாராகவே சொல்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் ஆட்டத்தில் படித்ததைத் தேர்வில் எழுதிவிடுவார்கள்.

அறை கட்டுவது ஒரே வரி. ‘டிக் அகழிக் கரை = கிழக்கு;கி, மேற்கு;மே’ என்று தட்டினால் புதிய அறையும், போக ஒரு வழியும், திரும்ப ஒரு வழியும் சேர்ந்தே உருவாகும். அரைப்புள்ளிக்குப் பின்னால் வருவது சுருக்கப் பெயர். கமாவுக்குப் பின்னால் உள்ளதை விட்டுவிட்டால் அது ஒருவழிப் பாதை. உள்ளே போனவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். புதியவர்கள் கட்டும் அறைகளில் அதிகம் பார்க்கிற பிழை இதுதான். அதனால் ஒவ்வொரு வழியையும் போய், திரும்பி வந்து பார்க்காமல் அறை முடிந்தது என்று எண்ணக் கூடாது.

வர்ணனை எழுதுவதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். புதியவர் எழுதும் முதல் வர்ணனை அநேகமாக இப்படி இருக்கும்: ‘கிழக்குப் பக்கத்திலிருந்து பாலத்தைக் கடந்து மூச்சிரைக்க வந்து சேர்கிறீர்கள். காலை வெயிலில் அகழி பளபளக்கிறது. காவலர் ஒருவர் உங்களை முறைக்கிறார். இனம்புரியாத பயம் உங்களைக் கவ்வுகிறது.’ படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடுபவர் மேற்கிலிருந்தும் வரலாம். இரவு பத்து மணிக்கும் அந்த வெயில் அடித்துக்கொண்டேயிருக்கும். காவலர் ஆட்டத்தில் நடமாடும் பாத்திரமாக இருந்தால், அவர் வேறு இடத்துக்குப் போன பிறகும் இந்த வரி முறைத்துக்கொண்டிருக்கும். அவர் இங்கேயே இருந்தால் திரையில் இரண்டு காவலர்கள். பயப்படுவதா வேண்டாமா என்பது ஆடுபவர் பாடு, எழுதியவர் அதைத் தீர்மானிக்கக் கூடாது.

அதையே இப்படி எழுதலாம்: ‘கருங்கல் மதிலை ஒட்டி அகழி நீண்டு கிடக்கிறது. தண்ணீர் ஓரத்தில் பாசி படர்ந்திருக்கிறது. மதிலின் ஓர் இடுக்கில் அரசங்கன்று ஒன்று வேர் விட்டிருக்கிறது.’ மூன்று வாக்கியம். மூன்றிலிருந்து ஐந்துக்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் இரண்டாம் முறை அந்த வழியாக வருபவர் படிக்க மாட்டார். இதோடு வேலை முடியவில்லை. மதில், அகழி, தண்ணீர், பாசி, இடுக்கு, அரசங்கன்று என்று ஆறு பெயர்கள் வந்துவிட்டன. ஆடுபவர் ‘பார் அரசங்கன்று’ என்று தட்டினால் ‘அப்படி எதுவும் இங்கே இல்லை’ என்று வரக் கூடாது. பெயர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாவது விவரம் வேண்டும். அந்தக் கன்றை இழுத்தால் ஒரு கல் அசைகிறது, அதன் பின்னால் ஒரு சாவி இருக்கிறது என்று வைத்தால் அங்கே ஆட்டம் தொடங்கிவிட்டது.

அடுத்த சிக்கல் புதியவரை மனம் நோகச் செய்வது, ஆகவே முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விளையாட்டுக்குள் இருந்தபடி டிக் அடித்துக் கட்டிய அறைகள் எல்லாம் டேட்டாபேஸ் கோப்பில்தான் போய் உட்காரும். நிரலை ‘கிட்’ என்ற பகிர்வுக் கருவி மூலம் எல்லோருடனும் பகிரும்போது அந்தக் கோப்பு போகாது, போகவும் கூடாது. அதில் எல்லோருடைய கணக்கு விவரங்களும் இருக்கின்றன. விளைவு, இரண்டு வாரம் உட்கார்ந்து கட்டியதை ‘புஷ்’ செய்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன் என்று ஒருவர் நம்பிக்கொண்டிருப்பார். இன்னொருவர் திறந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே இருக்காது. ஆகவே அறை கட்டும் கட்டளைகளை ஒரு பேட்ச் கோப்பில் (கட்டளைகளைத் தொகுத்து வரிசையாக ஓட்டும் உரைக் கோப்பு) எழுதி, அந்தக் கோப்பைப் பகிர வேண்டும். கட்டளைக்குக் கட்டளை நடுவே ஹாஷ் (#) குறியில் தொடங்கும் ஒரு வரி கட்டாயம். அதை விட்டால் இரண்டாவது கட்டளை முதலாவதின் வர்ணனைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். அகழிக் கரையின் வர்ணனையில் ‘டிக் கோயில் வாசல்’ என்று ஒரு வரி தெரிந்தால் காரணம் இதுதான். அதே கோப்பை இரண்டு முறை ஓட்டினால் எல்லா அறையும் இரண்டிரண்டாக உருவாகும். சோதனைக்கென்று தனி டேட்டாபேஸ் வைத்து, அதில் ஓட்டிப் பார்த்துவிட்டே மெயின் சர்வருக்குக் கொண்டுபோக வேண்டும்.

சில மன்றங்கள் டிக்குமட் வழி வந்த சி மொழி சர்வர்களை, உதாரணமாக சர்க்கிள்மட்டின் தொடர்ச்சியான டிபிஏமட்டை, விரும்பலாம். அங்கே அறைகள் சாதாரண உரைக் கோப்பில் இருப்பதால் பகிர்வது எளிது. திசைகளுக்கு எண்: வடக்கு 0, கிழக்கு 1, தெற்கு 2, மேற்கு 3, மேலே 4, கீழே 5. ஒவ்வொரு பெயரும் வர்ணனையும் டில்டே (~) குறியோடு முடிய வேண்டும். ஒன்றை விட்டால் சர்வர் எழும்பாது. தவறு அது காட்டும் எண்ணுள்ள அறையில் இல்லாமல், அதற்கு முந்தைய அறையில் இருக்கவும் கூடும். இன்னொன்று: முதன்முதலாக உள்ளே வந்து பாத்திரம் உருவாக்குபவரையே அந்த சர்வர் தலைமை நிர்வாகியாக்கிவிடும். வெளியே திறந்துவிடும் முன் நீங்கள் ஒருமுறை உள்ளே போய்விட்டு வாருங்கள். டிக்குமட்டின் மூல உரிமத்தில் லாபம் பார்க்கக் கூடாது என்றும், எழுதியவர்களின் பெயர்கள் லாகின் திரையில் தெரிய வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த வரிகளை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்வது அநாகரிகம் மட்டுமல்ல, உரிம மீறல்.

தமிழில் ஆட்டம் நடத்துவது பற்றி எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்கே பொருளில்லை. வர்ணனையைத் தமிழில் எழுதுவது எளிது. கட்டளையைத் தமிழில் வாங்குவதுதான் பாடு.

ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னால் வரும். எவென்னியா உட்படப் பெரும்பாலான சர்வர்கள் முதல் சொல்லையே கட்டளையாக எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டவை. நாம் ‘விளக்கை எடு’ என்போம். சர்வர் ‘விளக்கை’ என்று ஒரு கட்டளையைத் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கும். கடைசிச் சொல்லை எடுத்து முன்னால் வைக்கும் ஒரு சிறு நிரலை எழுதி, உள்ளீடு கட்டளைப் பகுப்பானுக்குப் போகும் முன் செருகினால் சரியாகிவிடும் என்று தோன்றும். பாதிதான் சரியாகும். ஒருவர் ‘சொல் சீக்கிரம் கதவைத் திற’ என்று நண்பரிடம் பேசினால், பேச்சு போய்ச் சேராமல் கதவு திறந்துகொள்ளும். எனவே முதலில் முதல் சொல்லைப் பார்க்க வேண்டும். அது கட்டளையாக இருந்தால் வரிசையைத் தொடவே கூடாது. இல்லையென்றால் மட்டும் கடைசிச் சொல்லுக்குப் போக வேண்டும்.

வேற்றுமை உருபு அடுத்தது. விளக்கு விளக்கை ஆகும், சாவி சாவியை, கல் கல்லை, மரம் மரத்தை, வீடு வீட்டை, ஆறு ஆற்றை. இதற்கெல்லாம் பொது விதி எழுதப் போய் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆட்டம் அப்படியே கிடக்கும். முதல் ஐம்பது பொருள்களுக்குக் கையாலேயே மாற்றுப்பெயராகச் சேர்த்துவிடுங்கள். ‘ஏலியஸ்’ கட்டளை அதற்குத்தான் இருக்கிறது. மூல வடிவத்தையும் விடக் கூடாது. ‘தண்ணீர் குடி’ என்றுதானே எல்லோரும் சொல்கிறோம். வல்லினம் மிகுவதையும் கவனிக்க வேண்டும். ‘கதவைத் திற’ என்று சரியாக எழுதுகிறவரிடம் ‘கதவைத் என்று எதுவும் இல்லை’ என்று ஆட்டம் சொன்னால், இலக்கணம் தெரிந்தவர்தான் முதலில் வெளியேறுவார். சொல்லின் கடைசியில் உள்ள க், ச், த், ப் ஆகியவற்றை வெட்டிவிடலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ‘கேக் கொடு’ என்பதில் வெட்டினால் ‘கே’தான் மிஞ்சும். அதற்கு முன்னால் ஐகாரமோ, ‘கு’ போன்ற உகரமோ இருந்தால் மட்டும் வெட்டுவது ஓரளவு பாதுகாப்பு.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருப்பது இன்னொரு தொல்லை. ‘வேலூர்’ நமக்கு மூன்று எழுத்து. பைத்தான் அதை ஆறு என்று எண்ணும்; யூடிஎஃப்-8 முறையில் அது 18 பைட். பெயர் எட்டு எழுத்துக்கு மேல் கூடாது என்று விதி வைத்தால் நான்கைந்து எழுத்துள்ள தமிழ்ப் பெயரே தள்ளுபடி ஆகிவிடும். ‘எழுத்து மட்டும் அனுமதி’ என்ற சோதனையும் அப்படித்தான். பைத்தானின் கணக்கில் கொம்பும் காலும் புள்ளியும் எழுத்தே அல்ல. அதன் வழக்கமான சொல் தேடும் முறையில் ‘வேலூர்’ வ, ல, ர என்று மூன்று துண்டாகப் போய்விடும். ‘ரீ’ என்ற தொகுப்புக்குப் பதில் ‘ரீஜெக்ஸ்’ என்ற தனித் தொகுப்பை நிறுவினால் இந்தச் சிக்கல் போகும். ஆட்கள் பயன்படுத்தும் கணக்குப் பெயரை ஆங்கில எழுத்தில் விட்டுவிட்டு, ஆட்டத்தில் தெரியும் பாத்திரத்தின் பெயரை மட்டும் தமிழில் வைப்பது தொடக்கத்துக்குப் போதும்.

‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வரிசைக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பேட்ச் கோப்பில் ஒரு விதமாகவும் ஆடுபவர் போனில் இன்னொரு விதமாகவும் இருந்தால், கண்முன்னே இருக்கும் கோயிலுக்குள் அவரால் போகவே முடியாது. வருகிற எந்த வரியையும் என்எஃப்சி என்ற, எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோட் முறைக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். பைத்தானில் ‘யூனிகோட்டேட்டா’ தொகுப்பில் ஒரே வரிதான். சில கீபோர்டுகள் இடையில் செருகும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் அதே இடத்தில் களைந்துவிடலாம். ஆனால் கௌவுக்குப் பதில் கொம்பு, க, ள என்று தனித்தனியாகத் தட்டும் பழக்கத்தை எந்த முறையும் திருத்தாது. தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குவது ஒன்றே வழி.

திசைகளில் ‘மே’ என்று சுருக்கினால் மேற்கா மேலேயா? ‘கி’ என்பது கிழக்கு, ‘கீ’ என்பது கீழே என்றால் அவசரத்தில் தவறு நிச்சயம். மேலே போக ‘ஏறு’, கீழே போக ‘இறங்கு’ என்று வைத்துவிட்டால் குழப்பமில்லை. தமிழில் ஆடுபவர்கள் பிரவுசர் வழியாகவே வரட்டும். கருப்புத் திரை டெர்மினல்கள் பலவற்றில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும்.

அதிகாரம் கொடுப்பதில் அவசரம் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது. எவென்னியாவில் பிளேயர், ஹெல்ப்பர், பில்டர், அட்மின், டெவலப்பர் என்று படிநிலை உண்டு. முதல் வாரம் ஆடட்டும். எழுத்துப் பிழை, செத்துப்போன வழி என்று கண்ணில் பட்டதைக் குறித்துக் கொடுக்கட்டும். இரண்டாம் வாரமே பில்டர் அனுமதி தரலாம். பைத்தானில் புதிய கட்டளை எழுதுவது அறையும் நாலைந்து பொருளும் முடித்த பிறகு. முதல் கட்டளை பத்து வரிக்குள் இருக்கட்டும். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் யாருக்கும் தராதீர்கள். பாதுகாப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தக் கணக்கு எல்லாப் பூட்டுகளையும் தாண்டிப் போய்விடும். கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அதே கணக்கில் சோதித்தால் கதவு திறந்துகொண்டேயிருக்கும். ‘என் நிரல் தப்பு’ என்று புதியவர் ராத்திரியெல்லாம் தேடுவார். ‘குவெல்’ என்று தட்டி அதிகாரத்தை இறக்கி வைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும்.

நிரலை மாற்றியதும் சர்வரை நிறுத்த வேண்டாம், ‘ரீலோட்’ போதும். இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும் பகுதியும் ஆட்டத்தை ஓட்டும் பகுதியும் தனித்தனி என்பதால் உள்ளே இருப்பவர்கள் துண்டிக்கப்பட மாட்டார்கள். ஏதாவது நின்றுபோனால் லாக் பதிவைப் படிக்கப் பழக்குங்கள். பிழைச் செய்தியில் கடைசி வரிதான் என்ன பிழை என்று சொல்லும், அதற்கு மேலே உள்ள வரிகள் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று சொல்லும். உதவி கேட்பவர் ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. எந்த அறையில் இருந்தார், என்ன தட்டினார், என்ன வரும் என்று நினைத்தார், என்ன வந்தது, முழுப் பிழைச் செய்தி, இவ்வளவும் வேண்டும். போனில் எடுத்த போட்டோவாக அல்ல, எழுத்தாக.

பதில் சொல்வதில் பழையவர்களுக்கும் பொறுப்புண்டு. புதியவர் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டை (தன் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) மூன்று நாளுக்குள் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கிடப்பில் போட்டால் அவர் திரும்ப வர மாட்டார். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்பதை எழுதுங்கள். அவருடைய நிரலை எடுத்து நீங்களே சத்தமில்லாமல் திருத்திப் போட்டுவிடுவதும் உதவி அல்ல; அடுத்த தடவையும் அதே பிழை வரும். ஒருவர் மூன்று பேருக்கு மேல் கைபிடித்துச் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது எங்கள் அபிப்பிராயம்.

இணையத்தில் திறக்கும் நேரம் வரும்போது, வீட்டு இணைப்பில் சர்வர் வைக்கலாம் என்று பலர் முயல்வார்கள். பல நிறுவனங்கள் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருவதால், ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் சரியாகச் செய்தாலும் வெளியிலிருந்து வர முடியாது. மாத வாடகைக்கு ஒரு சிறிய விபிஎஸ் (இணையத்தில் கிடைக்கும் வாடகை சர்வர்) எடுப்பதே வழி. டெல்நெட்டில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே போகும். மெயிலுக்கோ வங்கிக்கோ வைத்திருக்கும் கடவுச்சொல்லை இங்கே போடக் கூடாது என்று லாகின் திரையிலேயே எழுதி வையுங்கள். பொதுவில் திறக்கும் ஆட்டத்துக்கு எச்டிடிபிஎஸ் வழி பிரவுசர் மட்டும் போதும். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தனிப்பட்ட விவரங்களை வாங்கப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டம். போன் நம்பர், பிறந்த தேதி எதையும் கேட்காமலிருந்தால் தலைவலி குறையும்.

டேட்டாபேஸ் கோப்பை நாள்தோறும் நகல் எடுங்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படியே காப்பி செய்தால் பாதி எழுதப்பட்ட கோப்பு கிடைக்கக்கூடும். நிறுத்திவிட்டு எடுங்கள், அல்லது அந்த டேட்டாபேஸை நடத்தும் எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஏழு நாள் நகல்களைத் தனித்தனியே வைத்திருந்தால், நேற்றைய நகலிலும் பிழை இருந்தால் முந்தாநாளுக்குப் போகலாம். கோடையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத நிலையில் சர்வர் கணினிக்கு மட்டுமாவது யூபிஎஸ் அவசியம்.

பார்வையற்ற மாணவர்கள் மற்றவர்களுக்குச் சமமாக ஆடக்கூடிய இணைய விளையாட்டு வகை இது என்பது பலருக்குத் தெரியாது. திரையில் வருவதெல்லாம் எழுத்து என்பதால், என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான் அப்படியே படித்துவிடும். தமிழையும் படிக்கும். ஆனால் நாம் கோடும் புள்ளியுமாக வரைபடம் வரைந்து வைத்தால் அது ‘கோடு கோடு கூட்டல் கோடு’ என்று வாசிக்கும். வரைபடம் இருக்கும் இடத்தில் ‘வடக்கே கோயில், கிழக்கே பாலம்’ என்று சொற்களாகவும் தர வேண்டும். ஆபத்தைச் சிவப்பு நிறத்தில் மட்டும் காட்டாமல் ‘ஆபத்து’ என்றே எழுத வேண்டும். எவென்னியாவில் திரைவாசிப்பானுக்கென்றே ஒரு விருப்பத் தேர்வு இருக்கிறது. வரவேற்புத் திரையில் அதை எப்படி இயக்குவது என்பதை முதல் வரியாகப் போடலாம்.

வேலூர் மாவட்ட மைய நூலகத்தையும், முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, பாகாயத்திலுள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றின் கணினித் துறைகளையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்: ஒரு பழைய கணினியை சர்வராக ஒதுக்குங்கள், ஏப்ரல், மே மாதங்களில் வாரம் ஒரு மதியம் லேபைத் திறந்து வையுங்கள். பன்னிரண்டு மாணவர்கள், சொல்லிக்கொடுக்க நான்கு பேர். அந்த நான்கு பேரை நாங்கள் அனுப்புகிறோம். அறைகளின் வர்ணனையைத் திருத்தித் தரத் தமிழ்த்துறையிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது. கோட்டை வரைபடம் முடிந்த பிறகு அதன் பேட்ச் கோப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆற்காட்டிலோ ஆம்பூரிலோ ஒரு பள்ளி தன் லேபில் ஓட்டி, அதற்குப் பக்கத்தில் தன் ஊரைக் கட்டிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
டெக்ஸ்ட் கேம் ஆர்வலர்கள் சிலர்,
வேலூர்.